வாயிலில் வைத்த கண்: வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் வரலாறு

வீடு என்பது மனிதன் தனக்கென வகுத்துக்கொண்ட எல்லையாகும். அவ்வெல்லையைக் காக்க வேண்டி அவன் கதவையும் தாழையும் அமைத்தான், நாயை வளர்த்தான், வசதி பெற்றவன் காவலாளியை அமர்த்தினான். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வங்கி, பண்டகசாலை, செல்வர் மாளிகை ஆகியவற்றின் வாயில்களில் கயிற்றுக் கட்டிலோடு இரவைக் கழித்த ‘ஜாகா’ எனும் காவலர்களை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அவருள் பெரும்பாலோர் சீக்கியர். அவர்கள் அமர்ந்திருந்த இடத்தை இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி பெற்றிருக்கிறது. கோலாலம்பூரில் அலுவலில் இருப்பவர் கிள்ளானில் உள்ள தம் வீட்டு வாயிலைத் தம் கைப்பேசியிலேயே காண்கிறார்.

ஜாகா தம்மை அமர்த்தியவருக்குப் பொறுப்பானவர். அவர் கண்டது அவரோடு தங்கியது. இக்கருவி காணும் காட்சியோ வீட்டு மதிலைக் கடந்து, பல கைகள் மாறி, உரியவரை வந்தடைகிறது. இடையில் அது எவ்வழியே செல்கிறது, எவர் கையில் தங்குகிறது என்பதை அறியாமலே பலர் அதனை வாங்கி மாட்டிவிடுகின்றனர். இக்கருவி பிறந்து வளர்ந்த கதையை முறையாக அறிந்தால், அதனை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடையும் அதனுள்ளேயே கிடைக்கும்.

போர்க்காலத்தில் பிறந்த கண்

தொலைவிலிருந்து ஓரிடத்தைக் கண்காணிக்கத் தொலைக்காட்சிக் கேமராவைப் பயன்படுத்தும் வழக்கம் இரண்டாம் உலகப் போரின்போது தோன்றியது. 1942ஆம் ஆண்டில் செர்மனியின் பால்டிக் கடற்கரையிலுள்ள பீனமுண்டே என்னுமிடத்தில், பின்னாளில் வி-2 எனப் பெயர் பெற்ற ஏவுகணை சோதிக்கப்பட்டது. அது ஏவப்படும்போது மனிதர் அருகில் நிற்பது உயிருக்கு ஆபத்து. ஆகவே வால்ட்டர் புரூக் என்னும் பொறியியலாளர் ஏவுதளத்தில் கேமராக்களை நிறுத்தி, கம்பி வழியாகக் காட்சியைத் தொலைவில் இருந்த அறைக்குக் கொண்டு சென்றார். மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் வண்ணத் தொலைக்காட்சிக்கு ஏற்றுக்கொண்ட ‘பால்’ முறையை உருவாக்கியவரும் இவரே.

இவ்வமைப்பு ‘மூடிய சுற்றுத் தொலைக்காட்சி’ எனப்பட்டது. கேமராவிலிருந்து புறப்படும் கம்பி காட்சித் திரையில் சென்று முடிந்துவிடும். அக்கம்பி செல்லாத இடத்தில் எவரும் காட்சியைக் காண இயலாது. ‘மூடிய’ என்னும் அச்சொல்லே அதன் பாதுகாப்பு. அதன் பின்வந்த வரலாறு முழுவதும் அம்மூடிய சுற்று எவ்வாறு படிப்படியாகத் திறக்கப்பட்டது என்பதைப் பற்றியதே எனலாம்.

தாதி ஒருவரின் கண்டுபிடிப்பு

அரசும் இராணுவமும் பெருந்தொழிற்சாலைகளும் கையாண்ட இக்கருவியைக் குடும்பத்தின் வாயிலுக்குக் கொண்டுவந்தவர் ஒரு தாதியாவார். நியூயார்க் நகரின் குவீன்ஸ் வட்டாரத்தில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் கறுப்பினப் பெண்மணி மருத்துவத் தாதியாகப் பணியாற்றினார். அவர் கணவர் ஆல்பர்ட் பிரவுன் மின்னணுத் தொழில்நுட்பர். இருவரும் வேறுவேறு நேரங்களில் வேலைக்குச் சென்றமையால் மேரி இரவில் தனித்திருக்க நேர்ந்தது. அவ்வட்டாரத்தில் குற்றங்கள் மிகுந்திருந்தன. அழைத்தால் காவல்துறையினர் வந்துசேரவும் தாமதமாயிற்று.

இந்நிலையில் இருவரும் இணைந்து ஓர் அமைப்பை உருவாக்கினர். கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். உயரமானவர், குட்டையானவர், குழந்தை என வருபவர் எவராயினும் முகத்தைக் காண்பதற்காக அத்துளைகளினூடே மேலும் கீழும் நகரும் கேமரா. படுக்கையறையிலிருந்தே பார்க்கத்தக்க திரை. வந்தவரோடு பேச ஒலிவாங்கி. நண்பராயின் தொலைவிலிருந்தே தாழைத் திறக்க ஒரு பொத்தான். பகைவராயின் அபாய ஒலி எழுப்ப மற்றொரு பொத்தான். 1966 ஆகஸ்டு முதல் நாளன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த அவர்கள், 1969 டிசம்பர் 2ஆம் நாளன்று அதனைப் பெற்றனர். அமெரிக்கக் காப்புரிமை எண் 3,482,037.

இக்கண்டுபிடிப்பு அக்காலத்தில் விற்பனைப் பொருளாகப் பெருகவில்லை. எனினும் இன்றைய வீட்டுக் கேமராவின் உறுப்புகளுள் பெரும்பாலானவை அக்காப்புரிமையிலேயே அமைந்துள்ளன. ஒன்று மட்டும் கருதத்தக்கது. மேரி தம் வாயிலைக் காண விரும்பியது தம் வீட்டுக்குள் இருந்தபடியே ஆகும். வெளியூரிலிருந்து காணும் எண்ணம் அவ்வமைப்பில் இல்லை.

காப்பிக் குடுவையும் இணையமும்

காட்சி வீட்டை விட்டு வெளியேறுவதற்கான வழி, பாதுகாப்போடு சிறிதும் தொடர்பில்லாத ஒரு தேவையால் தோன்றியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில் ‘டிரோஜன் அறை’ என்னும் அறையின் அருகே பொதுவான காப்பிக் குடுவை ஒன்று இருந்தது. வேறு மாடிகளிலிருந்து படியேறி இறங்கி வரும் ஆய்வாளர்கள் குடுவை வெறுமையாயிருக்கக் கண்டு ஏமாந்தனர். 1991ஆம் ஆண்டில் குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃபிரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் குடுவையை நோக்கி ஒரு கேமராவை நிறுத்தி, நிமிடத்திற்குச் சுமார் மூன்று முறை மாறும் சிறிய கருப்பு-வெள்ளைப் படத்தை ஆய்வுக்கூடத்தின் உள் வலையமைப்பில் அனுப்பினர். குடுவை நிறைந்திருப்பதை அவரவர் மேசையிலிருந்தே அறிய முடிந்தது.

1993 நவம்பரில் அப்படம் உலகளாவிய வலையில் இணைக்கப்பட்டது. அதன் பிறகு கேம்பிரிட்ஜின் காப்பியை ஒருநாளும் பருகாத பல இலட்சம் மக்கள் அக்குடுவையைப் பார்த்தனர். 2001 ஆகஸ்டு 22ஆம் நாள் அக்கேமரா நிறுத்தப்பட்டது. குடுவை ஏலத்தில் 3,350 பவுனுக்கு விலைபோயிற்று. விளையாட்டாகத் தோன்றும் இந்நிகழ்ச்சியில் ஒரு பெரும் மாற்றம் பொதிந்துள்ளது. ஒரே வலையமைப்பினருக்காக வைத்த கண், ஓர் இணைப்பு கூடியவுடன் உலகத்தின் கண்ணாயிற்று. பார்க்கப்பட்டது காப்பிக் குடுவையாதலால் எவருக்கும் தீங்கில்லை.

1996ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்டு நகரைச் சேர்ந்த ஆக்சிஸ் நிறுவனம் ‘நெட்ஐ 200’ என்னும் கேமராவை வெளியிட்டது. கணினியின் துணையின்றித் தானே வலையமைப்பில் இணையும் கேமராக்களுள் அதுவே முதலாவது என்பர். சிறிய அளவில் நொடிக்கு ஒரு படமும், பெரிய அளவில் 17 நொடிக்கு ஒரு படமுமே அதனால் தர முடிந்தது. வேகம் குறைவாயினும் அடிப்படை மாறிவிட்டது. கேமரா தனக்கென முகவரி கொண்ட ஒரு கணினியாகிவிட்டது. கணினிக்கு உரிய ஆற்றல்களோடு கணினிக்கு உரிய நோய்களும் அதனைச் சேர்ந்தன.

முகவரிப் பஞ்சமும் தோட்டத்துக் கிராணியும்

இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் எண் முகவரி ஒன்று தேவை. நான்காம் பதிப்பு முறையில் அமையும் முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. இவை போதாவென்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே 1994ஆம் ஆண்டில் முகவரி மாற்று முறை ஒன்று வகுக்கப்பட்டது. ஒரு வீட்டிற்கு வெளியுலக முகவரி ஒன்று மட்டும். வீட்டினுள் இருக்கும் கருவிகளுக்கு 192.168 எனத் தொடங்குவன போன்ற உள் முகவரிகள். இரண்டிற்கும் இடையே நின்று மாற்றித் தருவது ‘ரவுட்டர்’ என வழங்கும் திசைவி.

இதனைத் தோட்டப்புற வாழ்வை அறிந்தோர் எளிதில் உணர்வர். தோட்டத்து மக்களுக்கு வரும் கடிதங்கள் யாவும் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வந்து சேரும். அங்குள்ள கிராணி அவற்றைப் பிரித்து லயத்து வீடுகளுக்கு அனுப்புவார். திசைவி அத்தகைய கிராணியே. லயத்திலிருந்து ஒருவர் வெளியே கடிதம் எழுதினால், அதற்கு வரும் மறுமொழியை அவருக்குச் சேர்ப்பிக்கத் திசைவிக்குத் தெரியும். எவரும் எழுதாதிருக்க, வெளியிலிருந்து தானாக வந்த கடிதம் எவருக்குரியது என்று அதற்குத் தெரியாது. ஆகவே அதனை ஒதுக்கிவிடும்.

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைக் காண விரும்பியவர் சந்தித்த இடர் இதுதான். வீட்டுக்காரரின் அழைப்பே கிராணிக்கு அந்நியர் கடிதமாயிற்று. இதனைத் தீர்க்க மூன்று வழிகள் தோன்றின.

முதலாவது, ‘இந்த எண்ணிட்ட கடிதம் வந்தால் இன்ன வீட்டுக்கு அனுப்புக’ என்று கிராணிக்கு நிலையான கட்டளை இடுவது. இதுவே வாயில் எண் திருப்பம். கேமராக் காட்சிக்குப் பெரும்பாலும் 554 என்னும் வாயில் எண் வழங்கும். வெளி முகவரியும் அடிக்கடி மாறுவதாயின், மாறும் முகவரியை ஒரு பெயரோடு பொருத்தி வைக்கும் பெயர்ப்பதிவுச் சேவையும் தேவைப்பட்டது. இரண்டாவது, கருவிகள் தாமே கிராணியிடம் அக்கட்டளையை இட்டுக்கொள்ளும் தானியங்கு முறை. இதனால் அமைக்கும் உழைப்பு குறைந்தது. ஆனால் தம் வீட்டில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது போயிற்று. மூன்றாவது, கேமராவே வெளியேயுள்ள ஒரு நிறுவனத்தின் கணினியோடு ஓயாமல் தொடர்பு கொண்டிருப்பது. வீட்டுக்காரர் அந்நிறுவனத்தை அழைப்பார். அது இருவரையும் இணைத்து வைக்கும். பொட்டலத்தின் மீதுள்ள கட்டக் குறியைக் கைப்பேசியால் படித்தவுடன் காட்சி தெரியும் இன்றைய கேமராக்கள் இம்மூன்றாம் வழியைச் சார்ந்தவை.

2007ஆம் ஆண்டில் ஐஃபோன் வெளிவந்ததும், அதன்பின் திறன்பேசிகள் பரவியதும் காட்சித் திரையை வீட்டுக்காரரின் சட்டைப்பைக்கே கொண்டு வந்தன. 2010 மார்ச்சில் மலேசியாவில் யுனிஃபை ஒளியிழைச் சேவை தொடங்கிற்று. அதற்கு முன்னர் வழங்கிய தொலைபேசிக் கம்பி இணைப்புகளில் வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம், உள்ளே பெறும் வேகத்தை விட மிகக் குறைவு. கேமராவுக்கு வேண்டியதோ வெளியே அனுப்பும் வேகமாகும். ஒளியிழை அத்தடையை நீக்கியது.

திறந்து கிடந்த கதவுகள்

எளிமை பெருகிய அளவிற்கு எச்சரிக்கை பெருகவில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கேமராக்கள் பலவற்றிற்கு ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இடப்பட்டிருந்தன. வாங்கியோர் அதனை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று கருவியும் கேட்கவில்லை. ஒரே சாவியால் திறக்கும் பூட்டை ஊரார் அனைவர்க்கும் விற்றது போன்ற செயல் இது. 2014 நவம்பரில், கடவுச்சொல் மாற்றப்படாத பல்லாயிரம் கேமராக்களின் காட்சிகளை எவரும் காணுமாறு ஓர் இணையத்தளம் வரிசைப்படுத்தி வைத்திருப்பது தெரியவந்தது. கடைகளும் வாகன நிறுத்துமிடங்களும் மட்டுமன்றி, குழந்தைகள் உறங்கும் அறைகளும் அவற்றுள் இருந்தன. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் மக்களை எச்சரித்தது.

2016ஆம் ஆண்டில் வேறொரு தீமை வெளிப்பட்டது. ‘மிராய்’ என்னும் தீநிரல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் திசைவிகளையும் தேடிச் சென்று, தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் ஏறத்தாழ அறுபதை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. அவ்வளவே அதன் சூழ்ச்சி. உச்சநிலையில் சுமார் 6 இலட்சம் கருவிகள் அதற்கு அடிமையாயின. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், இணையப் பெயர்களை எண் முகவரிகளாக்கித் தரும் அமெரிக்க நிறுவனமொன்றின் மீது இத்தகைய கருவிகள் தொடுத்த தாக்குதலால், பெரும் இணையத்தளங்கள் பல மணி நேரம் முடங்கின. அந்நிரலை இயற்றியவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர் மூவர். 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டது வெளியாயிற்று. தம் வாயிலைக் காக்க மாட்டிய கேமரா பிறருடைய கோட்டையை இடிக்கச் சென்றதை அதன் உரிமையாளர் அறியவேயில்லை.

2020 அக்டோபரில் இத்தீமை சிங்கப்பூர் மக்களின் வீட்டு வாயிலுக்கே வந்தது. வீட்டுக் கேமராக்களிலிருந்து களவாடப்பட்ட காட்சிகள் இணையத்தில் விற்கப்படுவதாகச் செய்திகள் வெளியாயின. அவற்றுள் சிங்கப்பூர் வீடுகளின் காட்சிகளும் இருந்தன. திருடன் மதிலேறிக் குதிக்கவில்லை. வீட்டுக்காரர் வைத்த கண்ணின் வழியாகவே உள்ளே நோக்கினான்.

சட்டமும் முத்திரையும்

இத்தகைய நிகழ்ச்சிகளின் பயனாக அரசுகள் விழித்தன. சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் நான்கு நிலைகள் கொண்ட பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல் கூடாது என்பதும், மென்பொருள் புதுப்பிப்புகள் வழங்கப்பட வேண்டும் என்பதும் அதன் முதல் நிலைக்கே உரிய அடிப்படைகள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது.

பிறருடைய உரிமை பற்றிய வினாவும் நீதிமன்றம் ஏறியது. செக் நாட்டில் ஒரு வீட்டுக்காரர், தம் வீட்டுச் சன்னல்கள் உடைக்கப்பட்டதால் கேமரா பொருத்தினார். அது குற்றஞ்செய்தோரைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் பொதுத் தெருவையும் எதிர்வீட்டு வாயிலையும் சேர்த்தே பதிவு செய்தது. 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தெருவை நோக்கிய கேமரா முற்றிலும் சொந்த வீட்டு அலுவல் ஆகாது என்றும், எனவே அது தனிமனிதத் தரவுச் சட்டத்திற்கு உட்பட்டதே என்றும் தீர்ப்பளித்தது. வீட்டைக் காக்கும் நியாயத்தையும் அந்நீதிமன்றம் மறுக்கவில்லை. இரண்டையும் எடைபோட வேண்டும் என்றது.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வாணிப நடவடிக்கைகளுக்கு உரியது. தனிப்பட்ட, குடும்ப, இல்லத் தேவைகளுக்கு அதில் விலக்கு உண்டு. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லத்து அலுவலைத் தன் எல்லைக்குள் கொணரவில்லை. ஆகவே தன் வீட்டுக் கூடத்தில் கேமரா வைக்கும் ஒருவர், அக்கூடத்தில் உழைக்கும் பணிப்பெண்ணிடமும், ஓய்வெடுக்கும் முதிய தாயிடமும், படிக்கும் பிள்ளையிடமும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இச்சட்டங்கள் பெரும்பாலும் அவர் மனச்சான்றுக்கே விட்டுவிடுகின்றன.

வரலாறு உணர்த்தும் அமைப்பு முறை

மேற்கூறிய வரலாற்றை மனத்திற்கொண்டு நோக்கினால், ஒரு கேமராவை அமைக்க வேண்டிய முறை தெளிவாகும்.

முதற்கண், எதைக் காண வேண்டும் என்பதை முடிவு செய்தல் வேண்டும். வாயிலும் வாகன நிறுத்தமும் போதுமாயின், கூடத்தில் கேமரா வேண்டா. படுக்கையறையில் எக்காரணத்தாலும் வேண்டா. எதிர்வீட்டுச் சன்னல் காட்சியில் விழுமாயின் கோணத்தை மாற்ற வேண்டும். விலை ஒன்றை மட்டும் கருதாமல், மென்பொருள் புதுப்பிப்பை எத்தனை ஆண்டுகள் தருவதாக உற்பத்தியாளர் உறுதி கூறுகிறார் என்பதையும் வாங்கும்போதே கேட்டறிதல் நன்று.

அடுத்து, கருவியைப் பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட சொல்லாக அது இருத்தல் நலம். கைப்பேசிக்கு இரண்டாம் உறுதிச் சான்று அனுப்பும் வசதியிருப்பின் அதனையும் இயக்க வேண்டும். திசைவியின் கடவுச்சொல்லையும் மறத்தலாகாது. கிராணி விலைபோனால் லயம் முழுவதும் விலைபோகும். பின்னர், திசைவியில் விருந்தினருக்கென உள்ள தனி வலையமைப்பில் கேமராவை இணைத்தால், கேமரா கெட்டாலும் வீட்டுக் கணினிகள் தப்பும். கருவிகள் தாமே கதவைத் திறக்கும் தானியங்கு வசதியைத் திசைவியில் நிறுத்திவிட வேண்டும். வாயில் எண்ணைத் திருப்பிக் கேமராவை நேரே இணையத்தில் நிறுத்தும் பழைய வழியைக் கைவிட்டு, மறையாக்கம் செய்யப்பட்ட தனிப்பாதை வழியே வீட்டு வலையமைப்புக்குள் நுழைந்து காண்பது சிறந்தது. அதற்கு இயலாதோர் இடைநிலை நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்தலாம். ஆயின் தம் காட்சி அந்நிறுவனத்தின் வழியாகவே இணைக்கப்படுகிறது என்பதை அறிந்தே பயன்படுத்த வேண்டும். பதிவைக் கேமராவிலுள்ள நினைவு அட்டையிலோ வீட்டிலுள்ள பதிவுப் பெட்டியிலோ வைத்தால், வெளியே செல்வது குறையும்.

அமைத்து முடித்ததும், கைப்பேசியில் வீட்டுக் கம்பியில்லா இணைப்பை நிறுத்திவிட்டு, கைப்பேசிச் சேவையின் இணையம் வழியாகக் காட்சி வருகிறதா எனச் சோதிக்க வேண்டும். வீட்டினுள் மட்டும் சோதித்து நிறைவடைந்தவர் வெளியூர் சென்றபின் இடர்ப்படுவர். கருவியைப் பிறருக்கு விற்கும்போதோ எறியும்போதோ அதிலுள்ள பதிவுகளையும் கணக்கையும் அழித்துவிடுவதும் இன்றியமையாதது.

இறுதியாக, வீட்டில் வாழ்வோர்க்கும் பணிபுரிவோர்க்கும் கேமரா இருக்குமிடத்தைச் சொல்லிவிடுதல் வேண்டும். இது எக்கருவியாலும் செய்ய இயலாத பகுதி. ஜாகா வாயிலில் அமர்ந்திருந்ததை அவ்வழிச் சென்றோர் அனைவரும் கண்டனர். தாம் பார்க்கப்படுவதையும் அறிந்திருந்தனர். மறைத்து வைத்த கண்ணுக்கு அந்நேர்மை இல்லை.

கணினிக் கல்வியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைத்தல் பெரிதும் பயன்தரும். பல வீடுகளில் கேமராவைப் பொருத்தித் தருபவர் தந்தையோ கடைக்காரரோ அல்லர், பள்ளி மாணவரே. கட்டக் குறியைப் படித்துக் காட்சியை வரவழைக்கும் திறமை அவரிடம் ஏற்கெனவே உள்ளது. அக்காட்சி எவ்வெவ்வழியே வந்தது, எந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தது, அதில் அகப்பட்டவரிடம் ஒரு சொல் கேட்கப்பட்டதா என்று வினவும் பழக்கத்தை அவர்க்குத் தருவது பள்ளியின் கடமையாகும்.